தென்கரை ஆட்டக்காரன்

சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் எழுதும்போது மங்கலாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு எழுத்து வெள்ளைவெளேரென்று எடுப்பாகத் தெரியும். பஸ் ஜன்னலிலிருந்தே படித்துவிடலாம். கடைத்தெரு படிப்பகத்தின் கரும்பலகையில் ஆறு வருடமாக நான் அப்படித்தான் எழுதிவருகிறேன். வலங்கைமான் பஸ்ஸில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஐயா.

பெயர் பஞ்சநதம். வயது நாற்பத்தொன்று. தையல் தொழில். படிப்பகத்தை ஒட்டி ஒரு மிஷின் போடும் அளவுக்கு இடம் இருக்கிறது. காலையில் படிப்பகத்தைத் திறப்பதும் சாயங்காலம் கூட்டிப் பூட்டுவதும் நான்தான். சம்பளம் கிடையாது. பேப்பர் வந்ததும் முதலில் படிக்கலாம், எனக்கு அது போதும். பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். யாரும் அதைக் கவனித்ததில்லை.

பலகையின் இடது பாதி கட்சிச் செய்திக்கு. வலது பாதியைச் செயலாளர் எனக்கு விட்டுக்கொடுத்தார். அதில் கல்லூரிக் கபடியைப் பற்றி மட்டும் எழுதுவேன். யாருக்குக் கால் பிசகியிருக்கிறது, யாருக்குக் காய்ச்சல், யார் சனிக்கிழமை இறங்குவார், எந்த மண்டலத்தில் யார் ஜெயித்தார்கள், இவைதான். எனக்கு ஒரு விதி உண்டு. இரண்டு பேர் சொல்லாமல் எதையும் எழுத மாட்டேன். இந்த ஆறு வருடத்தில் அந்தப் பலகையில் ஒரு பொய் ஏறியதில்லை. நான் சொல்லப்போவதிலும் அது மாறவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கட்சி ஆட்சிக்கு வந்தபிறகு ஆற்றின் தென்கரையில் அரசுக் கல்லூரி திறந்தார்கள். வடகரையில் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் கல்லூரி அதற்கு முப்பது வருடம் முந்தியது. கல்லூரிகளின் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. தென்கரை, வடகரை, அவ்வளவுதான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். தென்கரைக் கல்லூரி வகுப்பு ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. ஆனால் அவர்களுடைய முதல் பனியன்களுக்கு எண் வெட்டித் தைத்தவன் நான். அன்றிலிருந்து எங்கள் கல்லூரி என்றுதான் சொல்கிறேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சாயங்காலம் நாலைந்து பேர் பலகை முன்னால் கூடுவார்கள். எதிரே யூனுஸ் கீற்றுக் கடை வைத்திருக்கிறார். தோப்பும் உண்டு. அவருடைய தம்பி மகன் வடகரையில் படித்ததால் அவர் வடகரை. கண்டக்டர் நாகநாதன் எந்தக் கரையும் இல்லை. திருப்பனந்தாள், பேராவூரணி என்று போகிற ஊரிலெல்லாம் கேட்ட சேதியைக் கொண்டுவந்து கொட்டுவார். தஞ்சாவூர் மண்டலமே ஒரு மண்டலமா என்பது அவர் கட்சி.

"திருச்சி மண்டலத்துல மூணாவதா வர்ற டீம் இங்க வந்தா, நம்ம கப்பைத் தூக்கிட்டு அடுத்த பஸ்ல போயிடுவாங்க. டிக்கெட்டும் நான்தான் கிழிக்கணும்" என்பார்.

"உங்க கல்லூரிக்குக் கூரையே நான் வித்த கீத்து" என்று யூனுஸ் என்னைப் பார்த்துச் சொல்வார். "கப்பு ஜெயிச்சா ஒழுகுற இடத்துல வைங்க டைலரே. அதுக்கும் ஒரு வேலை வேணும்ல."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். மறுநாள் பலகையில் எழுதுவேன்.

வேம்பு வந்த வருடம்தான் எனக்குப் பதில் கிடைத்தது. மூன்று மைல் தள்ளி உள்ள கிராமத்துப் பையன். தகப்பன் இல்லை. அம்மா ரெங்கம்மாள். நடவு நாளில் நடவு முடித்துவிட்டு, முழங்காலில் சேறு காயாமல் மைதானத்துக்கு வருவான். மற்றவர்கள் கபடி பாடிப் போகும்போது கையை நீட்டித் தொடப் பார்ப்பார்கள். வேம்பு கையைக் காட்டிவிட்டுக் காலால் தொடுவான். எதிரணி அவன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கோட்டுக்குத் திரும்பியிருப்பான். நான் முப்பது வருடமாகச் சடுகுடு பார்க்கிறேன். அந்த மாதிரி ஒரு காலைப் பார்த்ததில்லை. ஏழாம் எண் பனியனை மற்றவற்றைவிடக் கொஞ்சம் தளர்வாகத் தைத்தேன், இடுப்பைத் திருப்பும்போது பிடிக்கக் கூடாதென்று. அது யாருக்கும் தெரியாது.

இனி நிலத்துக்கு வருகிறேன். உங்கள் கேஸ் கட்டில் இருப்பதெல்லாம் அதுதானே.

ரெங்கம்மாள் வீட்டார் மிராசுதாரின் எட்டு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்தார்கள். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்ததும் வேம்பு தன் பெயரில் மனு எழுதிப் போட்டான். இவர்கள் குத்தகைக்காரர்களே இல்லை, கூலிக்கு வந்தவர்கள் என்று மிராசுதார் பதில் போட்டார். மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை விசாரணை. மனு போட்டவன் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நிலம் போனது. அதற்கு முந்தைய புதன்கிழமை மிராசுதாரின் ஆட்கள் அரிவாளோடு வேம்பு வீட்டுக்குப் போனார்கள். அவன் கொல்லை வழியாக ஓடித் தப்பித்தான். அதன் பிறகு எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை மண்டல இறுதி ஆட்டம், தென்கரைக்கும் வடகரைக்கும். பலகையில் நான் எழுதியது ஒரே வரி: "வேம்பு நிலவரம் தெரியவில்லை."

வெள்ளிக்கிழமை மத்தியானம் யூனுஸ் தெருவைத் தாண்டி என் மிஷின் பக்கம் வந்து குனிந்தார். வேம்பு தன்னுடைய தோப்புக் கொட்டகையில்தான் இருக்கிறான் என்றார். காலையில் ஆள் நடமாட்டம் வருமுன் ஆற்று மணலில் தனியாக ஆடிப் பழகுகிறானாம். ஆட்டத்துக்கு நிச்சயம் வருவான், மாணவர்கள் வளைத்துக் கூட்டிவந்து வளைத்துக் கூட்டிப்போவார்கள், திங்கட்கிழமை விவசாயச் சங்கத்துக்காரர்கள் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப்போவார்கள். எதிரணிக்காரர் எங்கள் ஆட்டக்காரனைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

"உங்களைப் பார்க்கணும்னு சொல்றான். ஒரு விஷயம் அவனே சொல்லணுமாம்" என்றார்.

நான் போனேன். கொட்டகையில் கீற்று அடுக்கின் மேல் உட்கார்ந்து ஹமீதா பானு அனுப்பிய சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். ஹமீதா பானு யூனுஸின் மனைவி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அண்ணே, ஜூன் மாசத்துலேர்ந்து நான் வடகரைக்குப் போறேன். ஹாஸ்டல்ல ரூம் தர்றாங்க. பெரிய மதில், வாட்ச்மேன் இருக்காரு. மிராசுதார் ஆளு உள்ள வர முடியாது. யூனுஸ் பாய்தான் பேசி முடிச்சாரு."

தென்னை மட்டையில் ஒரு அணில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டேன்.

"அப்ப அடுத்த வருஷம் நம்மளுக்கு எதிரா பாடி வருவியா?"

சிரித்தான். "ஆட்டந்தானேண்ணே."

அவன் மனதில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னான். எனக்குத் தெரியும். இருபது வயதில் ராத்திரி நிம்மதியாகத் தூங்க ஒரு இடம் கேட்கிறவனுக்கு அது ஆட்டம்தான். ஆனால் ஐயா, மூன்று வருடம் நான் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். ஒன்பதாம் வகுப்புக்காரனை நாலு பேர் நிறுத்தி, "என்ன டைலரே, நம்ம டீம் எப்படி?" என்று கேட்டார்கள். என் வாழ்க்கையில் என்னை யாரும் அதற்கு முன்னால் எதுவும் கேட்டதில்லை. அதைத்தான் அவன் ஆட்டம் என்றான்.

சனிக்கிழமை ஆட்டம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும், பந்தோபஸ்துக்கு நீங்களே வந்திருந்தீர்கள். மிராசுதாரின் ஆட்கள் பந்தல் ஓரம் நின்றார்கள். மூவாயிரம் பேர் நடுவில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் வேம்பு நாலு பேரைத் தொட்டான். இருபத்தாறு, இருபத்துமூன்று. அவனைத் தூக்கிய தோள்களில் ஒன்று என்னுடையது. பிறகு மாணவர்கள் அவனை நடுவில் வைத்துக் கூட்டத்தோடு கூட்டமாக ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். ஆட்கள் தேடித் தேடித் தவறவிட்டார்கள்.

நான் பலகைக்குத் திரும்பினேன். ஆட்டத்துக்கு முன்னால் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முன்னால் எழுதியிருந்தால் கோப்பை போயிருக்கும்.

நான் எழுதியது இது. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை: "வேம்பு நலம். யூனுஸ் தோப்புக் கொட்டகையில் தங்கியிருக்கிறார். தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஆற்று மணலில் தனியாகப் பயிற்சி." இரண்டு பேர் சொன்ன செய்தி. யூனுஸ் சொன்னார், வேம்புவின் வாயாலேயே உறுதியானது. ஒரு ஆட்டக்காரன் நலமாக இருக்கிறான், பயிற்சி செய்கிறான் என்று எழுதுவது எந்தச் சட்டத்தில் குற்றம்?

நான் யாரிடமும் போய்க் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் புத்தி எனக்குக் கிடையாது. ஊர்ப் பொதுப் பலகையில் எழுதினேன். படிப்பவர் படிக்கலாம்.

அந்த நேரத்தில் ஊர் முழுக்கக் கோப்பையோடு கீழவீதியில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது உண்மைதான். கடைத்தெருவில் ஆள் இல்லை. மிராசுதாரின் காரியக்காரர் ரெங்கசாமி வலங்கைமானிலிருந்து ஆறே முக்கால் பஸ்ஸில்தான் வருவார், படிப்பகத்துக்கு எதிரேதான் இறங்குவார், இறங்கியதும் பலகையைப் படிக்காமல் போக மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஆறு வருடப் பழக்கம்.

அன்றைக்கும் இறங்கினார். படித்தார். மறுபடி படித்தார். ஏழு மணிக்கு நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "மண்டலக் கோப்பை தென்கரைக்கே" என்று பெரிதாக எழுதினேன். ஊர்வலம் திரும்பி வந்தபோது எல்லோரும் படித்தது அதைத்தான். பலகையில் அந்தச் செய்தி இருந்தது மொத்தம் கால் மணி நேரம்.

ஞாயிறு காலை மணலில் அவனைக் கண்டெடுத்தார்கள். காலில்தான் முதல் வெட்டு என்று நீங்கள் அறிக்கையில் எழுதியதைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அதை நான் இரண்டு முறை படித்தேன். கண்ணீர் அஞ்சலியைப் பலகையின் இரண்டு பாதியையும் சேர்த்து எழுதினேன். என் எழுத்து அவ்வளவு நன்றாக என்றைக்கும் அமைந்ததில்லை. திங்கட்கிழமை ரெங்கம்மாள் தனியாகத் தாலுகா ஆபீசுக்குப் போய் நின்றாள். மனு அவள் பெயரில் இல்லை. அந்த வாரமே மிராசுதார் ஆட்கள் எட்டு மா விளைச்சலையும் அறுத்துக்கொண்டு போனார்கள்.

இடம் தெரிந்தவர் யூனுஸ் ஒருவர்தான், அவர் வடகரைக்காரர், தோற்ற ஆத்திரத்தில் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று ஊர் பேசியது. நீங்களும் அதைப் பிடித்துக்கொண்டு ஐம்பது நாளாக அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். இடத்தை என்னிடமும் சொன்னதை அவர் உங்களிடம் சொன்னாரோ என்னவோ, நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. ஹமீதா பானு என் கடைக்கு வந்தாள். "அண்ணே, உங்ககிட்டதான் வந்து சொன்னாரு. அவரு அவனை ஒளிச்சு வச்சுக் காப்பாத்துனது உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். கட்சியில ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். பார்க்கிறேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை. ஒரு ஜாக்கெட்டின் கை அளவு சரியாக வராமல் அன்று முழுக்க அதிலேயே போய்விட்டது.

யூனுஸுக்காக நான் இங்கே வரவில்லை. மனசாட்சி உறுத்தி வந்தேன் என்றும் எழுத வேண்டாம். நேற்று நாகநாதன் பஸ்ஸிலிருந்து இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். வடகரைக் கல்லூரியில் வேம்பு நினைவுக் கோப்பை வைக்கிறார்களாம். ஹாஸ்டலில் அவனுக்கென்று ஒதுக்கிய அறையில் படம் மாட்டப்போகிறார்களாம். "எங்கள் மாணவராக வர இருந்தவர்" என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். அவன் அந்த மதிலுக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. அவர்களுக்காக ஒரு தடவையும் பாடிப் போனதில்லை. என்ன உரிமையில் வைக்கிறார்கள்? அங்கே போக இருந்ததால்தான் அவன் செத்தான் என்று தெரிந்தால் வைக்க மாட்டார்கள். அதனால் சொல்ல வந்தேன்.

இன்னும் ஒன்று, அது உங்கள் கேஸ் கட்டில் இருக்காது. யூனுஸுக்கு இரண்டு தோப்பு. இரண்டும் ஆற்றங்கரைதான், இடையில் இரண்டு மைல். சட்ரஸ் என்கிற மதகு அருகே பழையது, படுகையில் புதியது. பலகையில் நான் எதையும் குறிப்பிடவில்லை. காரியக்காரர் படித்து முடித்துவிட்டு என் மிஷின் பக்கம் திரும்பினார்.

"எந்தத் தோப்பு டைலரே?" என்றார்.

நான் கரும்பலகையில்தான் எழுதுவேன், வாயால் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். அவர் பழைய தோப்புக்குப் போயிருப்பார். வேம்பு திங்கட்கிழமை தாசில்தார் முன்னால் நின்றிருப்பான். ஜூன் மாதம் வடகரைக்குப் போயிருப்பான்.

"படுகைத் தோப்பு" என்றேன்.

எழுதியதை நீங்கள் படித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி. கையெழுத்துப் போட எனக்குத் தடையில்லை. "இறந்த வேம்பு, வயது இருபது, வடகரைக் கல்லூரியில் சேர இருந்த மாணவர்" என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிட்டுத் தென்கரை ஆட்டக்காரர் என்று போடுங்கள். கடைசிவரை அவன் எங்களுக்குத்தான் ஆடினான். அதற்கு வேண்டியதைச் செய்தவன் நான்.