நான்கு தபால்தலைகளை விழுங்கியது குறித்து

இந்த வாக்குமூலத்தின் மேலே கட்டத்தில் எழுதியிருப்பது என் பெயர்தான் என்றாலும் என்னை அந்தப் பெயரால் கூப்பிட இப்போது யாரும் இல்லை, எல்லோருக்கும் நான் 'ஸ்டியரிங்'தான். எனக்கு வயது எழுபத்தொன்று. ரொட்டிக் கடைக்குப் பின்புறச் சந்தில் மாடி அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். என் மேல் இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. குடிப்பழக்கமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நேற்றுக் கண்காட்சியில் கூடிய கூட்டத்தில் எவனோ ஒருவன் நான் குடித்திருந்ததாகச் சொல்லியிருக்கிறான்.

எங்கள் வண்டியில் தண்ணீர்க் குழாய் பிடித்தவன் நெட்டையன். பெயிண்ட் கிடங்கு எரிந்த அன்று உள்ளே காவலாளி மாட்டிக்கொண்டதாகக் கூட்டத்தில் கத்தினார்கள், அதன் பிறகு நெட்டையன் என்னிடம், "மாப்ள, தண்ணிய நிறுத்திடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான், நான் பம்பை விட்டு நகரக் கூடாது என்பது விதி, நகரவில்லை, தண்ணீரையும் நிறுத்தவில்லை. கூரை விழுந்தது. அந்தக் காவலாளி முதலிலேயே வெளியே வந்து எதிர்க் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு தபால் துறை நெட்டையன் நினைவாகத் தபால்தலை வெளியிடுவதாக அறிவித்தது. அவன் போட்டோ எடுத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறவன், கல்யாணத்தையும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தோடு முடித்துக்கொண்டவன், அடையாள அட்டை அவனோடு எரிந்துவிட்டது. நிலையத்துச் சுவரில் மாட்டியிருந்த குழுப் படம் ஒன்றுதான் இருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்து, இடமிருந்து மூன்றாவது ஆள் என்று எழுதியும் கொடுத்தோம். எந்தப் புண்ணியவானோ வலமிருந்து எண்ணிவிட்டான். விழா மேடையில் நெட்டையன் மனைவி பட்டுத் துணியை விலக்கினாள், உள்ளே என் முகம் இருந்தது, கீழே அவன் பெயர் இருந்தது. கைதட்டினார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அன்றே தபால்தலையைத் திரும்பப் பெற உத்தரவு போட்டார்கள், ஆனால் அதற்குள் சில ஊர்களில் சில தாள்கள் விற்றுப்போயின. சரியான படம் கொடுத்தால் மறுபடி அச்சடிப்போம் என்றார்கள், எங்கிருந்து கொடுப்பது? குழுப் படமும் அவர்கள் அலுவலகத்திலேயே தொலைந்துவிட்டது. ஆக நெட்டையனுக்குத் தபால்தலையும் இல்லை, உலகத்தில் ஒரு படமும் இல்லை.

அதன் பிறகு, தவறாக அச்சான தபால்தலைக்குச் சேகரிப்பவர்கள் அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பழைய தபால்தலை விற்கும் கடைக்குப் போனேன். என் முகத்தோடு அவன் பெயர் ஊர் சுற்றுவது பொறுக்காமல், கிடைக்கும்போதெல்லாம் ஒன்று வாங்கி வந்து அறையில் எரித்தேன். இப்படி வருடக்கணக்காக எரித்தேன். ஒரு நாள் நான் எரிப்பதைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பெரியவரே, நீங்க கொளுத்தக் கொளுத்த மிச்சம் இருக்கறதுக்குத்தான் மவுசு ஏறுது. நல்லா கொளுத்துங்க" என்றார். கூடவே ஒரு தபால்தலையின் ஓரத்தில் என்னைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். நான் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியது உண்மை.

அந்தக் கடைக்காரர்தான் இப்போது நகர மண்டபத்தில் கண்காட்சி வைத்தவர். நேற்றுக் காலை நெட்டையன் மனைவியைப் பார்க்கப் போனபோது, கண்காட்சி அழைப்பிதழில் இருந்த தபால்தலைப் படத்தை வெட்டி முகம் பார்க்கும் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருந்தாள். "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? இது நான்தானே, எடுத்துப் போடு" என்று சத்தம் போட்டேன். அவள் கோபப்படவில்லை. "தெரியும்ணே. ஆனா கண்ண மூடினா இப்பல்லாம் உங்க முகம்தாண்ணே வருது. அவர் முகம் வரமாட்டேங்குது. என்ன பண்ணட்டும் நான்?" என்று கேட்டாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, வரையத் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வர்றேன், நான் சொல்லச் சொல்ல வரைவான், நீ அழாத" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நேராகக் கண்காட்சிக்குப் போனேன். நான்கு தபால்தலைகள் பிரிக்காமல் ஒரே துண்டாகக் கண்ணாடிக்குள் இருந்தன. என்னைப் பார்த்ததும் கூட்டம் கூடி, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள், பொறுத்துக்கொண்டேன். ஒரு பெண், "அப்போ செத்தவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "அது யாருக்கும் தெரியாதும்மா, தெரியாததாலதான் இதுக்கு இவ்வளவு மதிப்பு" என்றார். நான் முழங்கையால் கண்ணாடியை உடைத்து நான்கையும் எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினேன். பசை கசந்தது. எழுத்தர் சிரிக்காமல் எழுத வேண்டும். கடைக்காரர் ஓடி வந்தார், முதலில் தலையில் கை வைத்தார், அதன் பிறகு யோசித்தார், அதன் பிறகு, "நாலு சேர்ந்தது என்கிட்ட இன்னொண்ணு இருக்கு, இனிமே உலகத்துலயே அது ஒண்ணுதான்" என்றார். புகார் கொடுக்கும்போதும் அவர் முகத்தில் வருத்தத்தைக் காணோம்.

இவ்வளவையும் கேட்ட காவல் ஆய்வாளர் ஐயா மனசு இரங்கி, தேடப்படுகிறவர்களின் முகத்தைச் சாட்சிகள் சொல்ல வரையும் ஓவியரைக் கூப்பிட்டு என் எதிரே உட்கார வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு நெற்றி, புருவம், மூக்கு, தாடை என்று வரிசையாகச் சொன்னேன், எங்கும் தடுமாறவில்லை. அவர் வரைந்து முடித்துத் தாளைத் திருப்பியதும் பக்கத்தில் நின்ற காவலர், "என்ன பெருசு, உங்களையே வரைய வச்சிருக்கீங்க?" என்றார். தப்பாக வரைந்துவிட்டார், அழியுங்கள் என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் நான்தான் வந்தேன். மூன்றாம் முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படத்தை நெட்டையன் மனைவிக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வரையும் ஆள் கிடைக்கவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன். யாரும் மிரட்டவில்லை. இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, அத்தனையும் உண்மை. இணைத்திருக்கும் படம் மட்டும் உண்மையல்ல.

(ஒப்பம்)