குளிர்கால பெட்ரோல்

பகல் மூணு மணி. நல்லா கவனிங்க... ராத்திரி இல்ல, பட்டப்பகல். நெவாடாவுல எல்கோ டவுனுக்குப் போற ஒரு மண் ரோடு. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் புதர்தான், ஒரு வீடு கிடையாது. நம்ம மெக்கானிக் வெர்ன் இருக்கானே, அவன் மச்சான் ராய்ஸுக்கு நடந்தது. நெருப்புல இன்னொரு கட்டையைப் போடுங்க, சொல்றேன்.

ராய்ஸும் அவன் அண்ணன் டெல்மரும் மாட்டுப் பண்ணை வச்சிருந்தாங்க. ரெண்டு பேர் உட்கார்ற சின்ன விமானம் ஒண்ணும் இருந்தது. மே மாசம். அந்த வருஷத்தோட முதல் கொடும் வெயில். டெல்மர் வயித்தைப் பிடிச்சிட்டு சுருண்டு விழுந்தான். குடல்வால் வெடிச்சிருச்சுன்னு பின்னாலதான் தெரிஞ்சது. எல்கோ ஆஸ்பத்திரிக்கு ரோட்டுல போனா அரை நாள். பறந்தா ஒரு மணி நேரம்.

விமான பெட்ரோல் பீப்பாய் காலி. இருந்தது ஜனவரியில வாங்கின கார் பெட்ரோல். குளிர்ல வண்டி சட்டுனு கிளம்பணும்னு லேசாக் கலந்தது... வெயில்ல குழாய்க்குள்ளயே கொதிச்சு ஆவியாயிடும். என்ஜினுக்குப் பெட்ரோலே போகாது. ராய்ஸுக்குத் தெரியும். கொஞ்சம் தயங்கி நின்னுட்டு, தெரிஞ்சேதான் ஊத்தினான்.

"யோசிச்சிட்டே நில்லு. உன் கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் நின்ன," டெல்மர் பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னான்.

பாதி தூரம். பெட்ரோல் அழுத்தம் காட்டுற முள் நடுங்குச்சு. என்ஜின் ஒரு இருமல்... ரெண்டு... அப்புறம் வெறும் காத்துச் சத்தம்.

எப்படியோ மண் ரோட்டுல இறக்கிட்டான். டிக்... டிக்...னு சூட்டு இரும்பு. மூக்கை அடைக்கிற பெட்ரோல் நாத்தம். திருப்பித் திருப்பிக் கிளப்பினான், பிடிக்கல. இருந்த தண்ணியெல்லாம் டெல்மர் குடிச்சுக் குடிச்சு வாந்தியெடுத்துட்டான். ரேடியோவுல கரகரப்பு.

அப்பதான் ரோட்டுல ஒருத்தன் வந்தான். அந்தக் கொதிமண்ணுல வெறுங்கால். கையில ஒரு துணி... சொட்டச் சொட்ட ஈரம். என்ஜின் மூடியைத் திறந்து, பெட்ரோல் பம்பைச் சுத்தித் துணியைக் கட்டினான். உஸ்ஸ்...னு சூடு தணிஞ்சுது.

"தண்ணி எங்கய்யா கிடைச்சது?"

அவன் திரும்பல. பின்கழுத்துத் தோல் கருகி, சுருங்கி... ராய்ஸ் ரெண்டு அடி பின்வாங்கினான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒரே தடவையில பிடிச்சது. நிமிர்ந்து பார்த்தா, ரோட்டுல யாருமில்ல.

எப்பவும் விட ரொம்பத் தூரம் அந்த நீள ரோட்டுல ஓடித்தான் விமானம் எழும்புச்சு. மேல ஏறினதும் டெல்மர் முனகினான். "டேய்... அவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு. என் மேலயே சாயறான்."

"யாருண்ணா?"

எல்கோ ஓடுபாதை கண்ணுல பட்டப்போ டெல்மர் போயிட்டான்.

அடக்கம் முடிஞ்சதும் ராய்ஸும் வெர்னும் அந்த இடத்தைத் தேடிப் போனாங்க. வெறுங்கால் தடம் விமானம் நின்ன இடம் வரைக்கும் வந்திருக்கு. திரும்பிப் போன தடம்... இல்ல.

இப்ப ராய்ஸ் விமான பெட்ரோல் தவிர வேற எதையும் தொடறதில்ல. தனியாத்தான் விமானத்துல ஏறறான். ஆனா விமானம் தரையை விட்டு எழும்பவே மாட்டேங்குது. ஓடுபாதை முடியற வரைக்கும் ஓடுது. என்ஜின்ல பழுதான்னு வெர்ன் பிரிச்சுப் பார்த்தான். ஒண்ணுமில்ல. கடைசியில மூணு சக்கரத்துக்கடியிலயும் எடை மேடையை வச்சான். காலி விமானம், எடை சரியா இருந்தது.

"இப்ப நீ ஏறி உட்காரு"ன்னான்.

ராய்ஸ் ஒருத்தன்தான் ஏறினான்.

மூணு ஆள் எடை காட்டுச்சு.