ஜோசியாவின் மூக்கு

— டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காரு, கரோலின் அப்பா. இன்னும் லுங்கியிலயே உக்காந்திருந்தா எப்படி?

— நக்கோ, யூனிஸ். எனக்குப் புது மூக்கு வேணாம். இதுவே போதும்.

— ஓரமெல்லாம் மஞ்சளாப் போச்சு. இந்த சிலிக்கான் மூக்கு ரெண்டு வருஷம்தான் தாங்கும்னு அன்னைக்கே சொன்னாங்க. நீங்க நாலு வருஷமா ஒட்டிக்கிட்டு இருக்கீங்க.

— கண்ணாடி போட்டா தெரியாது.

— தெரியாதா? போன ஞாயித்துக்கிழமை சர்ச்ல தும்மினீங்க, ஒரு பக்கம் பிரிஞ்சு தொங்குச்சு. ராஜம் டீச்சர் பாட்டுப் புஸ்தகத்தால மூஞ்ச மறைச்சுக்கிட்டாங்க. சனிக்கிழமை நம்ம பொண்ணுக்கு நிச்சயம். குகட்பள்ளியிலேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முப்பது பேரு வர்றாங்க.

— கேன்சர்ல மூக்கு போன ஆளுன்னு அவங்களுக்குத் தெரியும். நான் எதையும் மறைக்கல. கரோலினும் ஒண்ணும் சொல்லல.

— அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன். எந்திரிங்க.

— பழைய அச்சு ஆஸ்பத்திரியில இல்ல, யூனிஸ். போன வாரம் போன் போட்டுக் கேட்டேன். வேற கட்டடத்துக்கு மாறினப்ப உடைஞ்சிருச்சாம். இனிமே அவங்களாப் பாத்து ஒரு மூக்கை மெழுகுல செஞ்சு, அதுலேர்ந்துதான் எடுப்பாங்க.

— எடுக்கட்டும்.

— என்ன எடுக்கட்டும்? இது யார் மூக்குன்னு மறந்துட்டியா? அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே மூக்குன்னு நம்ம ஜோசியா மூஞ்சிலதானே அச்சு எடுத்தாங்க. வாயில ஸ்ட்ராவை வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். மாவு காயறதுக்குள்ள சிரிச்சுத் தொலைச்சான், மறுபடி மொதல்லேர்ந்து எடுத்தாங்க.

— ஞாபகம் இருக்கு.

— அடுத்த வருஷமே மாதாப்பூர் ஆபீஸ்லேர்ந்து பைக்ல கெளம்பினவன் வீடு வந்து சேரல. பெட்டியை மூடியேதான் குடுத்தாங்க. கடைசியா அந்த மூஞ்சியக்கூட நாம பாக்கல.

— வேணாங்க. போதும்.

— அவன் மூஞ்சில மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். உனக்காகத்தான் விடாம வெச்சிருக்கேன். பிள்ளைய நீ ஒரேயடியா பாக்காமப் போயிடக் கூடாதேன்னு.

— எனக்காகவா?

— ஹவ், உனக்காகத்தான். ஆனா நீதான் மூணு வருஷமா என்னை நிமிந்தே பாக்கறதில்ல. சோறு போடறப்ப தட்டைப் பாக்கற, பேசறப்ப ஜன்னலைப் பாக்கற. அருவருப்பா இருந்தா வாயத் தொறந்து சொல்லிடு. நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

— இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தி இவ்வளவுதான் புரிஞ்சுதா? ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்சப்ப, அந்தக் குழிய தினமும் கழுவித் தொடைச்சது யாரு?

— நீதான்.

— அப்ப மூஞ்சத் திருப்பிக்கிட்டேனா?

— இல்ல. அப்புறம் இப்ப மட்டும் என்ன?

— இத ஒட்டிக்கிட்டு நீங்க சாப்பிட வந்து உக்காரும்போதெல்லாம் என் பிள்ளை வந்துட்டான்னு ஒரு நிமிஷம் நெஞ்சு துள்ளுது. அப்புறம் நீங்கன்னு தெரியுது. தினம் மூணு வேளை நான் அவன அடக்கம் பண்றேன். அதக் கழட்டி வெச்சப்புறம்தாங்க உங்க முகத்த என்னால பாக்க முடியுது.