பாத்திரம் தேய்த்த டெமோ

அலங்காநல்லூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில், பாத்திரம் கழுவும் திரவ பாட்டில்கள் நிறைந்த பை.

"நேத்து கே.கே. நகர்ல நாலு வீட்டுப் பாத்திரத்தையும் தேய்ச்சுக் காட்டுனேன்க்கா. ஒரு பாட்டில்கூடப் போகல."

"சோர்ந்துறாதடி. டெமோ காட்டக் காட்டத்தான் வியாபாரம் பிடிபடும்னு நம்ம கம்பெனி மீட்டிங்ல சொன்னாகள்ல?"

"வேலைக்காரம்மா வராத அன்னைக்குத்தான்க்கா டெமோவுக்கே கூப்பிடுறாக."

"அடியாத்தி!"

"ஒரு டீச்சரம்மா, 'பாட்டில் வேணாம், நீ மட்டும் தெனம் வந்துரு, சம்பளம் தாரேன்'னு சொல்லிட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"எங்கிட்ட எல்லாரும் சொல்றதத்தான் சொன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னேன்."

அக்கா அவள் காதருகே சாய்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"சம்பளம் எம்புட்டாம்?"