கேசட்டில் ஒரு நாய்க்குட்டி

அம்மா: நாய்க்குட்டி எங்கங்க?

அப்பா: எந்த நாய்க்குட்டி?

அம்மா: இந்த கேம்லதான். குடைக்காரன் பின்னாடியே குதிச்சுக் குதிச்சு வருமே... அது.

அப்பா: எத்தனையோ வரும், போகும். ஒரு பள்ளம் தாண்டத் தெரியாது உனக்கு, கேள்விக்கு மட்டும் கொறச்சலில்ல...

அம்மா: மழுப்பாதீங்க. இது அவன் ஆடினதுதானே?

அப்பா: மேல பாரு, சுண்டுன்னு அவன் பேர் போட்டிருக்கு. கண்ணாடிய மாட்டிட்டுப் பாரு.

அம்மா: மாட்டிட்டுதான் பாக்குறேன்.

அப்பா: அவன் விட்டுட்டுப் போன மாதிரியே வச்சிருக்கேன். கேசட்டுல தூசி மட்டும் ஊதுவேன்.

அம்மா: கேம்ல எடுக்க வேண்டிய மணி இன்னும் எத்தன பாக்கி?

அப்பா: ஒண்ணுமில்ல! எல்லாத்தையும் எடுத்துட்டான் நம்ம புள்ள. சுவத்துக்குப் பின்னாடி, கிணத்துக்கு அடியில... லேசுப்பட்ட வேலையா?

அம்மா: எடுக்கல.

அப்பா: என்ன?

அம்மா: கிணத்தடி மணிய அவன் எடுக்கல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குக்கூட...

அப்பா: உனக்கெப்படித் தெரியும்?

அம்மா: அத எடுத்தா நாய்க்குட்டி அங்கயே நின்னுடும். அப்புறம் கூட வரவே வராது. கேமோட வந்த புத்தகத்துலகூட இல்லையாம், அவனே கண்டுபிடிச்சானாம். சமையல்கட்டுல என்னையே சுத்திச் சுத்தி வந்து சொன்னான். "நான் எடுக்கவே மாட்டேம்மா, பாவம், தனியா நிக்கும்"னான்.

அப்பா: இரு, இத மொதல்ல ஆஃப் பண்றேன்.

அம்மா: சொல்லுங்க.

அப்பா: அவன் காரியமெல்லாம் முடிஞ்சு... வீட்டுக்கு வந்தவங்கெல்லாம் போனப்புறம் போட்டுப் பாத்தேன். காலியா இருந்துச்சு. உள்ள குட்டி பேட்டரி ஒண்ணு இருக்காம். அது போச்சுன்னா ஆடினதெல்லாம் போயிடுமாம்.

அம்மா: அதனால?

அப்பா: பேட்டரிய மாத்தி, அவன் பேரையே போட்டு, முதல்லேருந்து ஆடினேன். நீ வேலைக்குப் போற நேரமாப் பாத்து. உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னு... அதுல செத்தா திரும்ப எழுந்துடுதுடி. எத்தன தடவ செத்தாலும்.

அம்மா: கடைசி மணிய?

அப்பா: நேத்துதான் எடுத்தேன். துள்ளிக் குதிச்சேன் தெரியுமா... பாவி நான்.

அம்மா: பேட்டரி போகலங்க.

அப்பா: அப்புறம்?

அம்மா: உங்களுக்கு முன்னாடி நான் போட்டேன். அவன் பேர ஒரு தடவ பாக்கணும்போல இருந்துச்சு. திரையில ஏதோ கேள்வி வந்துச்சு. கண்ணெல்லாம் தண்ணி, எழுத்தே தெரியல... ஆமான்னு அமுக்கிட்டேன். அழிஞ்சு போச்சு.

அப்பா: ஏன்டி... அப்போ இத்தன நாளா நான்தான் ஆடுறேன்னு உனக்குத் தெரியுமா?

அம்மா: கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தேன். அவன் பேர் திரும்ப வந்திருந்துச்சு. நாய்க்குட்டியும் பின்னாடியே வந்துச்சு... யாரு ஆடினதுன்னு நான் கேக்கலங்க. நீங்கதான்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்து கேக்கல.