உழக்கில் மிஞ்சிய தண்ணீர்

கொப்பரை மூட்டை சுமந்தவன் முதுகில் எண்ணெய் வாடை இரண்டு நாளைக்குப் போகாது. என் மனைவி முப்பிடாதியம்மாளுக்கு அந்த வாடை பிடிக்கும். இன்ஸ்பெக்டர் ஐயா என் கையாலேயே எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன். செங்கோட்டை ஸ்டேஷனில் சுமை இறக்குகிற நான், நாற்பத்தொரு வயதில் எங்கள் மேஸ்திரியிடம் எழுத்துக் கற்றவன். பிழை இருந்தால் பொறுக்க வேண்டும்.

அவளுக்கு நடுக்குவாதம் வந்து நாலு வருஷம். கை சும்மா இருக்கும்போதுதான் அதிகம் ஆடும். முகம் மரத்துவிட்டது, சிரித்தால் கண்ணில் மட்டும் தெரியும். தென்காசி டாக்டர் பால்வண்ணநாதன் ஊமத்தைச் சத்துச் சொட்டு மருந்து கொடுத்தார். எனக்கு எழுதத் தெரியும் என்றதும் அவருக்குச் சந்தோஷம். வாரம் ஒரு காகிதம் எழுதி வரச் சொன்னார். பானையடியிலிருந்து வாசல்வரை உழக்கு நிறையத் தண்ணீர் கொண்டு போனால் எவ்வளவு மிஞ்சுகிறது, எத்தனை வாய் தானே உண்கிறாள், எத்தனை தடவை விழுந்தாள். கடைசியாக ஒரு கேள்வி: இந்த வாரம் அவளுக்கு நல்லதாக இருந்தது என்ன.

"தண்ணி கூடுதலாச் சிந்தினா ரெண்டு சொட்டு கூட்டுவோம், வல்லிநாயகம். கண்ணு பாப்பா விரிஞ்சு, இல்லாத ஆளோட பேசினா உடனே நிறுத்திட்டு எங்கிட்ட சொல்லணும். மூணு வாரம் நல்லா இருந்தா மருந்தக் குறைச்சிட்டு, சாரலுக்கு ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போ."

அருவியில் தன் காலில் நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

முதல் மாதம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். சொட்டு ஏறியது. மத்தியானம் அவள் அயர்ந்து தூங்கினாள். வேலை முடிந்து வந்த எனக்கும் நாலு வருஷத்துக்குப் பிறகு கண் அசந்தது. அந்தச் சுகம் மூட்டை தூக்கியவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் அவள் தேறினாள். நிலைப்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்கிற நோய் அது. அவள் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, அடிக்கு ஒன்றாகத் தரையில் குறுக்கே போட்டாள். ஒவ்வொன்றாகத் தாண்டி, அரை உழக்குக்கு மேல் தண்ணீர் மிஞ்ச, வாசலில் வந்து நின்றாள்.

"பாத்தீயளா? வாய்க்கால் தாண்டுத ஆடு மாதிரி வந்துட்டேன்."

"ஈர்க்கு இல்லாம வா பாப்போம், ஏட்டி."

ஈர்க்குகளை நானே பெருக்கி எடுத்தேன். எடை போடும்போது தராசில் யாரும் கை வைக்கக் கூடாது இல்லையா. அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். தண்ணீரெல்லாம் சேலையில். அதைத்தான் எழுதினேன்.

"நானே மூணு வாய் தின்னேம்லா, அத எழுதினியளா?"

"எழுதியாச்சி."

ஒரு வாய் என்று எழுதியிருந்தேன். நல்லது என்ன என்று கேட்டதற்கு, "ஈர்க்கத் தாண்டுனதுதான், வேற என்ன" என்றாள். 'ஒன்றும் இல்லை என்கிறாள்' என்று எழுதினேன். சொட்டு ஏறியது. அடுத்த வாரமும் அப்படித்தான்.

ஆடி பிறந்தது. செத்துப்போன தன் தங்கை மூக்கம்மாள் வந்து தலை துவட்டிவிடுவதாக முப்பிடாதியம்மாள் சொன்னாள். அவள் கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. 'நல்ல உறக்கம்' என்று எழுதினேன். அது பொய்யில்லை. டாக்டர்மேல் குற்றமும் இல்லை, அவர் என் எழுத்தை நம்பினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினாறு சொட்டு விட வேண்டும். எத்தனை விட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணத் தெரியாதவன் அல்ல.

"இன்னைக்குக் கசப்பு கூடுதலால்லா இருக்கு" என்றாள். என்றாலும் குடித்தாள். நான் பக்கத்தில் படுத்தேன். விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. அவள் கை ஆடவில்லை.

மருந்தைக் கூட்டிக் கொடுத்து அவளைக் கொன்றது நான்தான். அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல்தான் கொடுத்தேன். காகிதங்கள் எல்லாம் டாக்டரிடம் இருக்கின்றன. வாங்கிப் படித்துப் பார்த்தால், அவள் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது ஐயாவுக்கே தெரியும்.