சத்தம் வராத செர்ரி பீர்

இடுப்பு வலி உள்ளவன் பீரைப் புட்டியில் அடைக்கும் வேலைக்கு வரக்கூடாது. முழுநாளும் குனிந்தே நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் குவாரியில் கருங்கல் பிளந்த இடுப்பு என்னுடையது. ஐந்தாவது புட்டிக்கே கெஞ்ச ஆரம்பித்துவிடும். ஆனாலும் வருடத்தில் எனக்குப் பிடித்த நாள் அதுதான். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன்.

கொல்லையில் ஒரு புளிச்செர்ரி மரம் நிற்கிறது. பழத்தைப் பறித்து, கொட்டை நீக்கி, நுரைத்து அடங்கிய பீரில் ஊறப்போடுவேன். பீர் சிவந்ததும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் புட்டிக்குள் இறக்க வேண்டும். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ஒரு மடக்கு உள்ளே போய்விடும். பாதி வேலையிலேயே வீடு மிதக்கும். என் மனைவி ப்ளாங்கா புட்டி கழுவிக்கொண்டே பாடுவாள். அவள் தம்பி ஹினெக் பீங்கான் மூடியை வைத்து, அதை இறுக்கும் கம்பியை அழுத்துவான். அழுத்தியதும் ஒரு சுற்று ஆடுவான். நானும் ஆடியிருக்கிறேன், இந்த இடுப்போடு.

சர்க்கரை போடுவது என் பொறுப்பு. புட்டிக்கு ஒரு சின்னக் கரண்டி. பீரில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்றுதான் மூடிய புட்டியில் வாயு ஏறும். நான் பயந்தவன், அரைக் கரண்டிதான் போடுவேன். அதனால் என் பீர் திறக்கும்போது சத்தம் வராது.

ஒவ்வொரு வருடமும் பீர் தயாரானதும் எங்கள் வீட்டில் விருந்து. ஹினெக் அதை வைத்தே ஆறு வருடம் கூத்து நடத்தினான். எல்லோரும் உட்கார்ந்ததும் புட்டியைக் கன்னத்தோடு அணைத்து, காதை மூடியருகே வைத்து, நாடி பார்க்கும் டாக்டர்போல முகத்தைச் சுளித்துக் கம்பியை நெம்புவான்.

"போயிட்டாரு. ஆழ்ந்த இரங்கல்" என்பான். பிறகு என் பக்கம் திரும்புவான். "மச்சான், உன் பீரும் உன்னை மாதிரியேதான்யா. திறந்தா ஒரு சத்தம் உண்டா? அக்கா, எப்படிக்கா இவரோட குடித்தனம் பண்றே?"

"செவிடா இருந்தா சத்தம் வந்துச்சுன்னு நெனச்சுக்குவேன். எனக்குக் காது நல்லாக் கேக்குதேடா, அதான் கஷ்டம்" என்பாள் ப்ளாங்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி. ஆறு வருடமும் அவள் சிரித்தாள். ஹினெக்கை நான் வெறுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பது நின்றால் போதும் என்றிருந்தது.

இந்த வருடம் எலுமிச்சைப் பானம் வந்த மெல்லிய புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதில் ஆறு கரண்டி போட்டேன். சர்க்கரை விஷமில்லை.

கல் பிளப்பவன் கண்ட இடத்தில் அடிப்பதில்லை. முதலில் கோடு கீறுவான். கோட்டின்மேல் கல் தானாக விட்டுக்கொடுக்கும். கண்ணாடியும் அப்படித்தான். கல்லில் கோடு கீறும் குவாரி ஊசியால் புட்டியில் மூன்று கோடு கீறினேன். இந்த வகைப் புட்டியில் நெம்பும் கம்பி திறப்பவன் முகத்தைப் பார்த்து இருக்கும். கோடு அந்தப் பக்கம் போட்டேன்.

புட்டியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி ஹினெக்கின் பெயரை எழுதினேன். அதைப் பார்த்து அவன் நெகிழ்ந்துபோய், "மச்சான்னா மச்சான்தான்" என்று என் நெற்றியில் முத்தமிட்டான். புட்டி முன்கூட்டியே வெடித்துவிடாதபடி ஈரத்துணி சுற்றி நிலவறையில் வைத்தேன். விருந்தன்று காலை எடுத்து அடுப்பருகே நகர்த்தினேன்.

வாத்து வறுவல், மாவுருண்டை, புளித்த முட்டைக்கோஸ், பதினோரு பேர். ஹினெக் எழுந்தான். அந்தப் புட்டியைக் கன்னத்தோடு அணைத்தான். "ஷ்... இன்னிக்காவது மூச்சு விடறாரா பாப்போம்" என்றான்.

சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். செர்ரிச் சாறும் சிவப்புதான் என்பதால் கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. ப்ளாங்கா கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினாள்.

இடது கண்ணும் இடது காதும் போய்விட்டன என்கிறார்கள். புட்டியை அவன் எப்படிப் பிடிப்பான் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். ஆறு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தவன் நான், தெரியும்.

ஆம்புலன்ஸ் போனபின் யாரும் புட்டியைத் தொடவில்லை. நான் மட்டும் என்னுடையதைக் குடித்தேன். பீர் அருமையாக வந்திருந்தது. பாவம், ஹினெக் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவனுக்கு நான் ஒரு புட்டி பீர் தரவேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.